எண் 61847, இன்னும் வரவில்லை

சிகாகோ, பதினெட்டாம் தெரு
செப்டம்பர் 30, 1957

அன்புள்ள எமில் அண்ணனுக்கு,

நானும் அம்மாவும் நலம். மூன்று மாடி ஏறி வந்ததிலிருந்து அம்மாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துழைக்க மறுக்கிறது. உன் இடது காது எப்படி இருக்கிறது? குளிர் இறுகும் முன் டாக்டரிடம் காட்டிவிடு. ஜாய்ஸ் அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அம்மா சனிக்கிழமை மதியம் வந்து சேர்ந்தாள். கையில் ஒரு சூட்கேஸ். இன்னொரு கையில், துண்டில் சுற்றிய கசகசா அரைக்கும் இயந்திரம். "அதை ஏம்மா தனியா தூக்கிட்டு வந்த? சாமான் போற வேகன்லயே போட்டிருக்கலாமே?" என்றேன். "வேகன் போய்ச் சேர்ற வரைக்கும் கசகசா திங்கக் கூடாதுன்னு சட்டமா?" என்றாள். பிறகு படிக்கட்டைத் திரும்பிப் பார்த்து, "உங்க ஓனர் வீடு கட்டினானா, மலையைச் செதுக்கினானா?" என்று கேட்டாள்.

வைட் எல்ம் ஸ்டேஷனைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். "பூட்டிட்டாங்க. சாவியைக் குடுத்துட்டேன்." இருபத்தொன்பது வருடம் அந்த ஸ்டேஷன் மாடியில் குடியிருந்தவள். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த அப்பா போன பிறகும் இரண்டு வருடம் கம்பெனி அவளை அங்கேயே விட்டுவைத்தது. இப்போது அந்தக் கிளைப் பாதையையே மூடிவிட்டார்கள், ஆகவே வீடும் இல்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்று நீயும் நானும் சமையலறையில் உட்கார்ந்து பேசி வைத்தது நல்லதாகப் போயிற்று. அம்மா உன்னோடு இருக்கப் போகிறாள் என்பதில் எனக்குக் கவலை இல்லை.

நீ சாமான்களை ஏற்றி சீல் வைத்த வேகன் இருபத்து நான்காம் தேதி கிளம்பிவிட்டது. எண் 61847. எங்கள் ரயில் கம்பெனி அலுவலகத்தில் அதன் போக்கைக் குறிக்கும் அட்டையை நானே என் கையால் எழுதி வைத்தேன். பகலெல்லாம் தொலைந்துபோன வேகன்களைத் தேடிக்கொண்டிருப்பவளுக்கு, தொலையாத ஒன்றைப் பின்தொடர்வது சுகமாக இருக்கிறது. அப்பாவின் மேசை, பியானோ, இரும்புக் கட்டில், நாற்பது ஜாடி வெள்ளரி ஊறுகாய். செயின்ட் பால் வழியாகப் பன்னிரண்டு நாளில் உன் டிரை ஃபோர்க் ஸ்டேஷனுக்கு வந்துவிடும். வந்ததும் தந்தி கொடு, அடுத்த ரயிலில் அம்மாவை ஏற்றிவிடுகிறேன்.

அவசரப்படுத்துவதாக நினைக்காதே. இருப்பது இரண்டே அறை. அம்மாவுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு நான் மடக்குக் கட்டிலில் படுக்கிறேன். நான் புரண்டால் அது மடங்குகிறது.

பின்னறையை அண்ணி ஒழித்துவிட்டாளா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
மிலடா


டிரை ஃபோர்க், மொன்டானா
அக்டோபர் 13, 1957

அன்புத் தங்கை மிலடாவுக்கு,

நலம். காது, கேட்க வேண்டியதைக் கேட்கிறது. இங்கே முதல் பனி ஒன்பதாம் தேதி விழுந்தது. அம்மாவின் முழங்காலுக்கு சூடான உப்பு ஒத்தடம் கொடு.

வேகன் வரவில்லை. அதில் வியப்பும் இல்லை. கோதுமை அறுவடை முடிந்த நேரம், ரயில் யார்டுகளில் மூச்சுவிட இடம் கிடையாது. எங்காவது ஓரமாகத் தள்ளி வைத்திருப்பார்கள்.

அம்மாவை அவசரப்பட்டு அனுப்பாதே. இந்தக் குளிரில் இங்கே என்ன செய்வாள்? இங்கே இருப்பது ஸ்டேஷன், தண்ணீர்த் தொட்டி, தானியக் கிடங்கு, நான். பின்னறை காலியாகத்தான் இருக்கிறது. அறைகளுக்கு இங்கே குறைவில்லை.

டப்பா அவரையை அடி பிடிக்காமல் சூடாக்க ஒரு திறமை வேண்டும். எனக்கு அது வந்துவிட்டது.

இருவரும் நலமாக இருங்கள்.
எமில்


சிகாகோ
அக்டோபர் 21, 1957

அன்புள்ள எமில் அண்ணனுக்கு,

நலம். உப்பு ஒத்தடம் கொடுக்கப் போனால் அம்மா, "உப்பை சூப்புல போடு, அங்கதான் குறையுது" என்கிறாள். நீ ஏன் டப்பா அவரை சாப்பிடுகிறாய்? அண்ணிக்கு உடம்பு சரியில்லையா?

வேகன் விஷயத்தில் எனக்குத் தலை சுற்றுகிறது. இரண்டாம் தேதி செயின்ட் பால் யார்டில் நின்றிருக்கிறது. அங்கிருந்து மேற்கே உன் பக்கம் போக வேண்டும். ஆனால் பதினொன்றாம் தேதி கான்சாஸ் சிட்டியில் இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. கான்சாஸ் சிட்டி தெற்கே இருக்கிறது, அண்ணா! முதலில் எண்ணைத் தப்பாகக் குறித்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். யார்டில் மழையிலும் நடந்து நடந்து வேகன் எண்களை எழுதுகிறவர் ஒன்றை ஏழாக்குவது வழக்கம்தான். அதனால் சீலைப் பார்த்துச் சொல்லச் சொல்லித் தந்தி கொடுத்தேன். நீ வைட் எல்மில் போட்ட அதே தகர சீல், அதே எண். நம் வேகனேதான்.

எங்கள் மேலாளர் டூலிக்கு இது பெரிய விருந்து. "மிஸ் கட்லெக், உங்க அம்மாவோட ஊறுகாய் ஊர் சுத்துது. எனக்கு இந்தக் கம்பெனி ஃப்ளோரிடாவுக்கு ஒரு பாஸ் குடுக்கல, பாருங்க!" என்று எல்லா மேசைக்கும் கேட்கும்படி சொன்னார்.

அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பதறுவாள் என்று நினைத்தேன். "கான்சாஸ் சிட்டியா? பரவால்ல, அங்க இன்னும் குளிர் வந்திருக்காது. பியானோவுக்கு நல்லது" என்றாள்.

அவளுக்கு இங்கே பொழுது போகவில்லை என்று நினைக்கிறேன். வியாழக்கிழமைதோறும் தொப்பி வைத்துக்கொண்டு யூனியன் ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறாள். "அங்க என்னம்மா பண்ற?" என்றால், "உக்காந்திருக்கேன். நின்னா முழங்கால் வலிக்குது" என்கிறாள். ரயில் சத்தம் இல்லாமல் இருக்க முடியவில்லை போலும். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

உடனே பதில் எழுது.
மிலடா


டிரை ஃபோர்க்
நவம்பர் 3, 1957

அன்புத் தங்கைக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே காற்று கதவை விட்டு நகர்வதாக இல்லை.

வேகன்கள் வழி தவறுவது புதிதா? நீ இதைப் பெரிதாக்கிப் புகார் எழுதாதே. எழுதினால் எங்கோ ஒரு குமாஸ்தாவின் வேலை போகும், அவ்வளவுதான். சாமான் எங்கும் போய்விடாது.

இரண்டு நாளாக ஒன்று நினைவுக்கு வருகிறது. அப்பா காலத்தில் ஒரேகானிலிருந்து மரக்கட்டை வேகன்கள், வாங்க ஆளே இல்லாமல் கிளம்பி வரும். வேண்டுமென்றே சுற்று வழியில், மெதுவாகப் போகும் ரயில் கம்பெனிகளாகப் பார்த்து அனுப்புவார்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வியாபாரிக்கு ஆள் கிடைத்தால், "அங்கே போகாதே, இங்கே திருப்பு" என்று தந்தி அடிப்பான். அப்பா வெளியே போயிருந்த ஒரு நாள் அப்படி ஒரு வியாபாரி கத்திக்கொண்டு வந்தானே, நினைவிருக்கிறதா? அம்மா மாவுக் கையோடு கீழே ஓடிவந்து தந்திக் கருவியைத் தட்டினாள். ஒரு வாரம் அந்தக் கருவியில் மாவு உதிர்ந்துகொண்டே இருந்தது. அப்பா யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

சும்மா எழுதினேன். இங்கே பேச ஆள் குறைவு.

வேகன் வரும்போது வரட்டும். அம்மா அங்கே சௌகரியமாக இருந்தால் இருக்கட்டும்.

எமில்


சிகாகோ
நவம்பர் 12, 1957

அன்புள்ள எமில் அண்ணனுக்கு,

அம்மாவுக்கு லேசான ஜலதோஷம். எனக்கு ஒன்றும் இல்லை. உன் காதைப் பற்றி எழுத மறக்கிறாய். அண்ணியைப் பற்றியும்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகவே எழுதிவிடுகிறேன்.

வேகன் கான்சாஸ் சிட்டியிலிருந்து ஃபோர்ட் வொர்த் போனது. அங்கிருந்து போன வெள்ளிக்கிழமை டென்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இது வழி தவறியது இல்லை. ஒவ்வொரு முறையும் போய்ச் சேர்வதற்கு முன்னால் யாரோ வழியை மாற்றி உத்தரவு கொடுத்திருக்கிறார்கள். நேற்று டென்வர் அலுவலகம், வேகனோடு வந்த அட்டையின் பின்பக்கத்தைப் படித்துச் சொன்னது. "அனுப்பியவரின் உத்தரவுப்படி."

விதி உனக்குத் தெரியும். வழியை மாற்ற அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும்தான் உரிமை உண்டு. பெறுபவர் நீ. வைட் எல்முக்கு வந்து சாமானை ஏற்றி, சரக்குச் சீட்டு எழுதியவனும் நீ. ஆகவே அனுப்பியவரும் நீதான்.

நீ சும்மா எழுதியதாகச் சொன்ன மரக்கட்டைக் கதையை அதற்குப் பிறகு மறுபடி படித்தேன். அது சும்மா எழுதியதா, அல்லது என்னிடம் சொல்ல முடியாததைச் சொல்லும் உன் வழியா?

அண்ணா, அம்மாவை வைத்துக்கொள்ள முடியாதென்றால் முடியாது என்று எழுது. எனக்குக் கோபம் வராது. வந்தாலும் இரண்டு நாளில் போய்விடும். ஆனால் அவள் சாமான்களை இப்படி ஊர் ஊராக அலையவிடாதே. அவள் தினமும் காலையில் என்னிடம் கேட்கிறாள், "இன்னைக்கு எங்க இருக்கு?" என்று. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பியவள் மாதிரி கேட்கிறாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்புடன்,
மிலடா


சிகாகோ
டிசம்பர் 5, 1957

எமில் அண்ணனுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. உடம்பு நலம்தானா? அதை மட்டுமாவது எழுது.

நான் எழுதியது தப்பாக இருக்கலாம். சரியாகவும் இருக்கலாம். எனக்கே தெரியவில்லை. நன்றிப் பெருநாளன்று அம்மா உனக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள். ஒரு தட்டுதான். ஜாய்ஸ் அண்ணிக்கு வைக்கவில்லை. "இன்னொண்ணு எங்கம்மா?" என்றேன். "தட்டு இல்ல, எல்லாம் வேகன்ல இருக்கு" என்றாள். ஆனால் அலமாரியில் இரண்டு தட்டுகள் இருந்தன.

வேகன் ஞாயிற்றுக்கிழமை டென்வரை விட்டுக் கிளம்பிவிட்டது. போகும் இடம் ஸ்போகேன் என்று எழுதியிருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தேன். உன் ஸ்டேஷன் வழியாகத்தான் போக வேண்டும். நீதான் திருப்புகிறாய் என்றால் எதற்காக உன் வாசல் வழியாகவே திருப்புகிறாய்?

எனக்கு ஒன்றும் புரியவில்லை.
மிலடா


டிரை ஃபோர்க்
டிசம்பர் 14, 1957

அன்புத் தங்கை மிலடாவுக்கு,

உடம்பு நலம். மற்றபடி எதுவும் நலமில்லை. இவ்வளவு நாள் அதை எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு.

ஜாய்ஸ் போய்விட்டாள். இப்போது இல்லை, ஆகஸ்டில். ஸ்போகேனில் அவள் பெற்றோர் வீட்டில் இருக்கிறாள். சண்டை எதுவும் கிடையாது. ஒரு நாள் காலை உணவு மேசையில், "எமில், இங்க காத்து மட்டும்தான் எங்கிட்டப் பேசுது" என்றாள். நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவள் ரயில் ஏறிவிட்டாள். செப்டம்பரில் நான் வைட் எல்முக்கு வந்தபோது இது நடந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் சாமான்களை ஏற்றினேன்.

வேகன் வராதபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மூச்சு வந்தது. நீ தேடுவதும், கான்சாஸ் சிட்டி என்பதும், டென்வர் என்பதும்... நீ எப்படியோ ஜாய்ஸ் விஷயத்தைத் தெரிந்துகொண்டு, என்னைக் காப்பாற்றத்தான் வேகனைத் திருப்பிக்கொண்டிருக்கிறாய், கண்டுபிடித்தவள்போல எனக்குக் கடிதம் எழுதுகிறாய் என்று நினைத்தேன். அந்த அலுவலகத்தில் இருக்கிறவளுக்கு அது முடியாத காரியமா? மனதுக்குள் உனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். நவம்பர் கடிதத்தில் நீ என்னையே குற்றம் சாட்டியதும் குழம்பிப்போனேன். ஏன் எழுதவில்லை என்றால், நான் எதை மறுத்தாலும் ஜாய்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டியிருந்தது.

உன் டிசம்பர் கடிதம் திங்கள் காலை வந்தது. வேகன் செவ்வாய் மதியம் வந்தது.

அந்தச் சரக்கு ரயில் இங்கே நிற்பதில்லை. நான் ரயில் ஓட்டும் உத்தரவு எழுதிய தாளை வளையத்தில் கட்டி, பாதை ஓரம் நின்று, என்ஜின்காரர் எட்டிப் பிடிக்க வாகாக நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் பிடுங்கிக்கொண்டு போனார். பிறகு எண்ணினேன். என்ஜினுக்குப் பின்னால் பதினேழாவது. 61847. கதவின் விளிம்பில் நான் போட்ட சீல் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே பியானோ முனகியதுபோல இருந்தது, அது கற்பனையாகவும் இருக்கலாம். ஐந்து நொடி. போய்விட்டது. முதலில் நிம்மதி. வேகன் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டுவதற்குள் வெட்கம்.

வழியை மாற்ற நான் ஒரு உத்தரவும் கொடுக்கவில்லை, மிலடா. நீயும் கொடுக்கவில்லை என்றால் யார்?

அம்மாவிடம் ஜாய்ஸைப் பற்றி இப்போது சொல்லாதே. நானே சொல்கிறேன்.

எமில்


சிகாகோ
டிசம்பர் 22, 1957

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மதிய உணவு நேரத்தில் கோட்டு மாட்டும் அறையில் நின்று படித்தேன். அண்ணிக்காக வருந்துகிறேன். அதைவிட, ஒவ்வொரு கடிதத்திலும் அண்ணியைப் பற்றி நான் கேட்டதையெல்லாம் நீ தனியாக உட்கார்ந்து படித்திருப்பதை நினைத்தால்தான் தாங்கவில்லை. உடம்பை விட்டுவிடாதே.

இனி நடந்ததைக் கேள். கணக்குத் துறையின் நிலவறையில் அசல் சரக்குச் சீட்டுகள் இருக்கும். டூலியிடம் அனுமதி கேட்டேன். "சொந்த ஊறுகாய்க்காகவா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப சரி, போங்க" என்றார். இரண்டு மணி நேரம் தேடி நம் சீட்டை எடுத்தேன்.

எழுத்து உன்னுடையது. ஆனால் அனுப்புபவர் என்ற இடத்தில் உன் பெயர் இல்லை. சாமான் அனுப்பச் சலுகைக் கட்டணம் ஊழியரின் விதவைக்கு மட்டும்தான் என்பதால் நீ அம்மாவின் பெயரைத்தான் எழுதியிருக்கிறாய். எழுதியதை நீயும் மறந்துவிட்டாய். நாடு முழுக்கத் தந்தி கொடுத்துத் தேடிய நானோ, என் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்த அனுப்பியவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கிறிஸ்துமஸ் பின்னல் ரொட்டிக்கு மாவைப் பின்னிக்கொண்டிருந்தாள். நகலை மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அம்மா, இதுல அனுப்புறவர் யாருன்னு பாரு."

"கண்ணாடி போடல."

"ரோஸாலி கட்லெக்."

"நல்ல பேரு."

"வேகனை நீதான் திருப்பித் திருப்பி விடறியா?"

அம்மா மூன்றாவது பிரியை இரண்டாவதன் மேல் போட்டாள். "ஸ்போகேன் போயிருச்சா?"

"செவ்வாய்க்கிழமையே போயிருச்சு."

"சீல்?"

"அப்படியேதான் இருக்கு. அம்மா, ஏன் இப்படிப் பண்ற?"

"மேல முட்டை தடவணும். அந்த பிரஷை எடு."

அவ்வளவுதான். வியாழக்கிழமைகளில் அவள் யூனியன் ஸ்டேஷனில் தந்தி கவுன்ட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள் என்பது இப்போது புரிகிறது. மற்றது எதுவும் புரியவில்லை. உன்னிடம் போக விருப்பமில்லையா? என்னிடம் இருக்கப் பிடிக்கவில்லையா? அவள் தூங்கும்போது பார்த்தேன். நிம்மதியாகத் தூங்குகிறாள். நான்தான் மடக்குக் கட்டிலில் விழித்துக் கிடக்கிறேன்.

நல்ல கிறிஸ்துமஸாக இருக்கட்டும். ரொட்டியில் பாதியைத் தனியே அனுப்பியிருக்கிறேன். டப்பா அவரையோடு சாப்பிடாதே.

மிலடா


டிரை ஃபோர்க்
ஜனவரி 5, 1958

அன்புத் தங்கைக்கு,

ரொட்டி வந்தது. நலமாக இருக்கிறேன். இரண்டு நாள் அதைத்தான் சாப்பிட்டேன்.

உன் கேள்விக்குப் பதில் எனக்கும் தெரியாது. ஆனால் உன் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "அப்பாவை அடக்கம் செய்த அன்று நீயும் நானும் சமையலறையில் உட்கார்ந்து பேசி வைத்தது" என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு அம்மா எங்கே இருந்தாள்? யோசித்துப் பார்த்தேன். பக்கத்து அறையில், வந்தவர்களின் கோட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. நாம் குரலைத் தாழ்த்திக்கூடப் பேசவில்லை.

அவளுக்கு என்ன வேண்டும் என்று நாம் ஒரு முறையாவது கேட்டோமா? எனக்கு நினைவில்லை. உனக்கு இருந்தால் எழுது.

நேற்று அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். ஜாய்ஸைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டேன். வீடு காலியாக இருக்கிறது, வருவதானால் வா, வரவேண்டும் என்பதற்காக வராதே என்று எழுதினேன். இதை எழுத மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

அம்மாவை அதட்டாதே.
எமில்


தந்தி
சிகாகோ, ஜனவரி 17, 1958

அம்மா நேற்று காலை போய்விட்டாள். சூட்கேஸும் கசகசா இயந்திரமும் இல்லை. மேசையில் துண்டுச் சீட்டு: கட்டிலில் படு. அங்கே வந்தாளா? மிலடா


தந்தி
டிரை ஃபோர்க், ஜனவரி 17, 1958

இரண்டு ரயிலும் பார்த்துவிட்டேன். வரவில்லை. வேகன் எங்கே? எமில்


தந்தி
சிகாகோ, ஜனவரி 18, 1958

ஸ்போகேனிலிருந்து கிழக்கே வருகிறது. வியாழன் அன்று புது உத்தரவு. எந்த ஊர் என்று இன்னும் அட்டையில் ஏறவில்லை. மிலடா


ஆஷ்பி ஜங்ஷன், அயோவா
ஜனவரி 24, 1958

அன்புள்ள குழந்தைகள் எமிலுக்கும் மிலடாவுக்கும் அம்மா எழுதுவது,

நான் நலமாக இருக்கிறேன். முழங்காலும் நலம், இங்கே படி பதினாறுதான். ஒரே கடிதத்தை இரண்டு முறை எழுதியிருக்கிறேன், ஆளுக்கு ஒன்றாக. யாருக்கு முதலில் எழுதினாள் என்று சண்டை போட வேண்டாம்.

மிலடா, நீ போலீசுக்குப் போகாமல் வேகனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். சரியான வேலைதான் செய்தாய். அது வரும் இடத்தில்தான் நானும் இருக்கிறேன்.

எமில், உன் கடிதம் கிடைத்தது. ஜாய்ஸ் போனதை நீயே எழுதும்வரை காத்திருந்தேன். ஆனால் விஷயம் எனக்குச் செப்டம்பரிலேயே தெரியும். நீ சாமான் ஏற்ற வந்தபோது உன் சட்டையின் மேல் பொத்தான் பார்சல் கட்டும் நூலால் தைக்கப்பட்டிருந்தது. வீட்டில் ஜாய்ஸ் இருந்தால் பார்சல் நூல் சட்டைக்கு ஏறியிருக்காது. நீ பியானோவைத் தள்ளிக்கொண்டே, "ஜாய்ஸ் உன்னை எதிர்பார்த்துட்டிருக்கா" என்றாய். நான் ஊறுகாய் ஜாடிக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தேன். நீ சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?

அங்கே நான் வந்திருந்தால் நீ தினமும் சூடாகச் சாப்பிட்டிருப்பாய். யோசிக்க வேண்டியதை யோசிக்காமலே விட்டிருப்பாய். என்றாவது அந்தப் பெண்ணுக்குத் திரும்பி வரலாம் என்று தோன்றினால், அடுப்பின் மேல் என் பாத்திரம் உட்கார்ந்திருக்கும். வேகனை ஸ்போகேனுக்கு அனுப்பியதற்குக் காரணம் உண்டா என்று கேட்காதே. உன் ஊர் வழியாகப் போகட்டும், நீ ஒரு முறை பார் என்று நினைத்தேன். நீ பார்த்தாய் அல்லவா?

மிலடா, நீ நல்ல பெண். ஆனால் நான் அறைக்குள் வந்தால் படிக்கிற புத்தகத்தை மூடிவிடுகிறாய். நான் எட்டிப் பார்ப்பேன் என்று இல்லை, மரியாதைக்காக. நாலு மாதம் ஒரு புத்தகத்தை யாரும் அப்படித் திறந்து மூடிக்கொண்டிருக்கக் கூடாது.

நான் செய்ததற்குக் காரணம் அவ்வளவு பெரியதில்லை. வேகன் எங்காவது நின்றுவிட்டால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சாமானை இறக்க வேண்டும், இல்லையென்றால் நாள் வாடகை. டென்வரிலும் ஸ்போகேனிலும் அதைக் கட்டினேன். இறக்க ஒரு வீடு வேண்டும். எனக்கு இருந்தது எமில் வீடும் மிலடா வீடும்தான். ஓடிக்கொண்டிருந்தவரை என் கட்டில் என் கட்டிலாக, என் மேசை என் மேசையாக, எந்த வீட்டின் மூலையிலும் ஒதுங்காமல் இருந்தது. வியாழக்கிழமை தந்தி கவுன்ட்டரில் இருக்கும் பையன் என் வாக்கியங்களைத் திருத்தப் பார்த்தான். "தம்பி, நீ பிறக்கிறதுக்கு முன்னால இருந்து நான் இதைத் தட்டிட்டிருக்கேன்" என்றேன். அதன் பிறகு காப்பி வாங்கிக் கொடுத்தான்.

பதினெட்டாம் தெருவில் நம் செக் மொழிப் பத்திரிகை வருமல்லவா, அதில் டிசம்பரில் ஒரு வரி விளம்பரம் பார்த்தேன். ஆஷ்பி ஜங்ஷன் ரொட்டிக் கடைக்குக் கசகசா பூரணம் செய்யத் தெரிந்த பெண் வேண்டும் என்று. கடைக்காரர் ஹ்ரூபி, மனைவியை இழந்தவர் இல்லை, மனைவி நன்றாகவே இருக்கிறாள், அதனால் நீங்கள் எதையும் கற்பனை செய்ய வேண்டாம். அவளுக்குக் கையில் வாதம். கடைக்கு மேலே இரண்டு அறை எனக்கு. பின் ஜன்னலைத் திறந்தால் சரக்குப் பாதை. முதல் நாள் ஹ்ரூபி பூரணத்தை ருசி பார்த்துவிட்டு, "இதுல ஏதோ இருக்கு, என்ன போட்ட?" என்றார். "வேலை நிரந்தரமான பிறகு சொல்றேன்" என்றேன். நிரந்தரமாகிவிட்டது.

மிலடா, அட்டையைத் திருத்தி எழுதிக்கொள். 61847, ஆஷ்பி ஜங்ஷன். அனுப்புபவர் ரோஸாலி கட்லெக். பெறுபவரும் ரோஸாலி கட்லெக்.

பிப்ரவரி நான்காம் தேதி செவ்வாய்க்கிழமை வந்துவிடும் என்று இங்குள்ள ஸ்டேஷன் ஏஜென்ட் சொல்கிறார். இறக்க நாற்பத்தெட்டு மணி நேரம். பியானோவைப் பதினாறு படி ஏற்ற ஹ்ரூபியால் ஆகாது. இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு வாருங்கள். பியானோவில் சுருதி போயிருக்கும். ஜாடிகளில் பாதி பனியில் வெடித்திருக்கும். மீதியைத் திறப்போம்.

படுக்க இடம் உண்டு. புதன்கிழமை எல்லாரும் அவரவர் ஊருக்குக் கிளம்பிவிடலாம்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். எமில், தகரம் வெட்டும் கத்தரி ஒன்று எடுத்துவா. சீலைப் போட்டது நீதான். ஆனால் வெட்டுவது நான்.

அம்மா